ஆடி மாதத்தில் வேலையை விட்டவன்

பயப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், பாதுகாப்புப் பிரிவில், இருபது வருடங்களுக்கும் மேலாக வேலை. ஏணியைப் பார்த்தால் அதிலிருந்து விழப்போகிறவன்தான் முதலில் கண்ணுக்குத் தெரிவான், ஏணி பிறகுதான் தெரியும். தொங்குகிற வயரைப் பார்த்தால் ஷாக். தரையில் ஒரு சொட்டு எண்ணெயைப் பார்த்தால் யாருடைய இடுப்பெலும்போ. வேறு யாராவது இப்படிக் கவலைப்பட்டால் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். எனக்கு மஞ்சள் ஹெல்மெட்டும் தனி மேஜையும் கொடுத்து, தீபாவளிக்கு போனஸும் கொடுத்தார்கள்.

ஆலையில் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. நான் ஒரு பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே எங்கிருந்தோ, "சேஃப்டி வராருடோய்!" என்று ஒரு குரல் கேட்கும். கக்கத்தில் இருந்த ஹெல்மெட்டுகள் எல்லாம் தலைக்கு ஏறும். நான் வெளியே போனதும் மறுபடி கக்கத்துக்கு இறங்கும். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இரண்டு தரப்பும் மரியாதை குறையாமல் இப்படியே காலத்தை ஓட்டினோம்.

வீடு பெரம்பலூரில். காலையில் பாலக்கரைப் பக்கம் போய் நின்றால் கம்பெனி பஸ் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கினால் அரியலூர். சாயங்காலம் அதே சீட்டில் தூங்கினால் பெரம்பலூர். என் ஆயுளில் கணிசமான பகுதியை அந்த ரோட்டில் வாயைத் திறந்தபடி கழித்திருக்கிறேன்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையைக் கெடுத்தது பக்கத்து வீட்டு ஸ்கூட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் தன் மனைவிக்கு வண்டி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சொல்லிக் கொடுத்தார் என்று மரியாதைக்கு எழுதுகிறேன், திட்டினார் என்பதுதான் சரி. தெருவே வேடிக்கை பார்த்தது. அந்தம்மா அழுகிற நிலைமைக்கு வந்ததும், "நீங்க உள்ள போயி டீ குடிங்க, நான் பாத்துக்கறேன்" என்று நான் போய் நின்றேன். எந்த தைரியத்தில் போனேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒரு மணி நேரம் வண்டியின் பின்னாலேயே ஓடினேன். அந்தம்மா தனியாகத் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து, இறங்கி, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதுதான் வினை. இத்தனை வருடத்தில் நான் செய்த ஒன்றுக்காக ஒரு மனிதப் பிறவி சிரித்தது அதுதான் முதல் முறை. அடுத்த ஞாயிறு அந்தம்மாவின் தங்கை வந்தார். அதற்கடுத்த ஞாயிறு எதிர்வீட்டு டீச்சர். திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கம் வராது, எப்போதடா ஞாயிறு வரும் என்றிருக்கும்.

பெரம்பலூரில் ரயில் கிடையாது. எங்கே போவதென்றாலும் பஸ்தான். பஸ் வராத ஊருக்கு ஷேர் ஆட்டோ, அதுவும் வராவிட்டால் புருஷன், அவனும் வராவிட்டால் நடை. இத்தனை பெண்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றே பாதி நாளைக் கழிக்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் வண்டி சொல்லிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவியிடம் சொன்னேன்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க, ஊசி குத்துவதற்கு முன்பே கத்துகிறவர்களைப் பார்த்துப் பழகியவள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள்.

"பொண்ணு வேலைக்குப் போயிட்டா. எனக்கு சம்பளம் வருது. பட்டினி கெடக்க மாட்டோம், விடுறதுன்னா விடுங்க" என்றாள். "ஆனா ஒண்ணு. 'நான் பண்ணது சரியா, சரியா'ன்னு தெனம் என்னைக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஏன், நான் பண்றது சரிதானே?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மேனேஜர் என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர். "வேற கம்பெனிக்குப் போறீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லங்க சார். லேடீஸுக்கு ஸ்கூட்டர் சொல்லிக் குடுக்கப் போறேன்."

என்னைப் பார்த்தார். மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "வீட்ல ஏதாவது பிரச்சனைங்களா?" என்றார். பிரச்சனை ஏதும் இல்லை என்றதும் அவருடைய கவலை இன்னும் கூடிவிட்டது.

பாதுகாப்புக்காரன் ஒரு காரியத்தில் இறங்கினால் சும்மா இறங்க மாட்டான். பழைய ஸ்கூட்டர் இரண்டு வாங்கி பிரேக்கையெல்லாம் மாற்றினேன். எல்லா அளவு தலைக்கும் ஹெல்மெட். முழங்காலுக்கு உறை, முழங்கைக்கு உறை, முதலுதவிப் பெட்டி. பழகுவதற்கு இடம் வேண்டுமே என்று அரியலூர் ரோட்டில், ஊரைத் தாண்டிப் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற ஒரு நகரைப் பிடித்தேன். நகர் என்றால் வாசலில் பெரிய வளைவு, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தார் ரோடு, நடுவே எல்லைக் கற்கள். வீடு ஒன்றுகூடக் கிடையாது. குடியிருப்பவை ஆடுகள் மட்டும். வண்டி பழக அதைவிட நல்ல இடம் எங்கள் மாவட்டத்தில் இல்லை.

புது வண்டியோ புதுக் கையோ, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கிவிட்டுக் கிளம்புவதுதான் எங்கள் வழக்கம். அதற்காக ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தேன். முதல் நாளே கூட்டம் வந்துவிட்டால் பழத்துக்கு எங்கே ஓடுவது?

எல்லாம் தயார். விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான்.

கம்பெனியில் கடைசி நாள் முடிந்து, தொழில் தொடங்க வேண்டிய அன்று விடியற்காலையில் அம்மன் கோயில் ஸ்பீக்கர் அலறி என்னை எழுப்பியது. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு காலையில் எதற்குப் பாட்டு என்று யோசித்தேன். யோசித்ததும் எழுந்து சமையலறைக்கு ஓடினேன்.

"ஏய், இன்னிக்கு ஆடி ஒண்ணா?"

"ஆமா."

"ஆடியில யாரும் புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டாங்களே!"

"மாட்டாங்க."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"காலண்டர் நம்ம வூட்லதானே தொங்குது" என்றாள். "நீங்கதான் எல்லாத்தையும் யோசிச்சுட்டேன், யோசிச்சுட்டேன்னு சொன்னீங்க. நானும் ஆடியையும் யோசிச்சுட்டீங்க போலன்னு நெனச்சேன்."

தமிழ்நாட்டில் கல்யாணம் நடக்காத, வீடு குடி போகாத, நல்ல காரியம் எதிலும் காலெடுத்து வைக்காத ஒரு மாதம் உண்டென்றால் அது ஆடி. ஜவுளிக்கடைக்காரர்களே தள்ளுபடி போட்டு ஆளைக் கூப்பிடுகிற மாதம். நான் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். போன் வராமல் இல்லை. விசாரித்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில், "ஆவணி பொறக்கட்டும் சார்" என்றார்கள்.

மறுநாள் காலை பால் வாங்கப் போனேன். பாலை வாங்கிக்கொண்டு பாலக்கரைப் பக்கம் சும்மா நின்றேன். கம்பெனி பஸ் வந்தது. கை தானாக உயர்ந்தது. பஸ் நின்றது. ஏறி என் சீட்டில் உட்கார்ந்தேன். பேரளி தாண்டும்போதுதான் மடியில் பால் பாக்கெட் இருப்பதைக் கவனித்தேன். காலில் ஹவாய் செருப்பு.

டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். "எறக்கி விடவா சார்? இல்ல, இப்படியே ஒரு ரவுண்டு வரீங்களா?"

மானம் காப்பதற்காக, "அரியலூர்ல ஒரு வேலை இருக்குப்பா" என்றேன். அரியலூரில் இறங்கி, வேலையாக ஒரு டீ குடித்து, டவுன் பஸ் பிடித்துத் திரும்பினேன். பால் திரிந்துவிட்டது. எலுமிச்சம்பழம் வாடிக்கொண்டிருந்ததால் அன்று எலுமிச்சை சாதம். அதற்கு மறுநாளும் அதுதான்.

காலையில் போய் வளைவுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்காருவேன். ஆடுகளை எண்ணுவேன். பக்கத்துக் காட்டில் மக்காச்சோளம் விதைக்க உழவு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு மட்டும் ஆடி கிடையாதா என்று எரிச்சலாக இருக்கும். வளைவில் நான் மாட்டியிருந்த பிளெக்ஸ் தலைக்கு மேல் படபடத்துக்கொண்டிருக்கும். 'பெண்களுக்கான இருசக்கர வாகனப் பயிற்சி' என்று பெரிதாகப் போட்டு, அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'உங்கள் உயிர் எங்கள் பொறுப்பு' என்று போட்டிருந்தேன். ஆலையில் அப்படித்தான் எழுதுவோம்.

ஒருநாள் அந்தப் பக்கம் வந்த மனைவி அதை அண்ணாந்து பார்த்தாள். "இதப் படிச்சுட்டு யாருங்க வருவா? வண்டி கத்துக்க வந்தவளுக்கு உயிருக்கு என்ன ஆச்சுன்னுல்ல இருக்கும்?"

"அக்கறையா எழுதியிருக்கேன்டி."

"ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல எழுதுற மாதிரி இருக்கு."

மாதம் முழுக்க மோசம் என்றாலும் ஆடிப் பதினெட்டு நல்ல நாள். அன்று எதை ஆரம்பித்தாலும் பெருகும் என்று நம்பிக்கை. அந்த ஒரு நாளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளை வேட்டி கட்டி, இரண்டு வண்டிக்கும் பொட்டு வைத்து, புது எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துக் காத்திருந்தேன். ஊரே கொள்ளிடத்துக்குப் போய்விட்டது. மத்தியானம் ஒரு ஆடு வந்து பழத்தை முகர்ந்து பார்த்து, வேண்டாம் என்று போய்விட்டது.

அப்போதுதான் மேனேஜர் போன் செய்தார்.

"எப்படிப் போகுது சார்?"

"பிரமாதமா போகுதுங்க சார்" என்றேன். பின்னால் ஆடு கத்தியது.

"உங்க இடத்துல இன்னும் ஆள் போடல. ஆவணி பொறந்தா மேல இருந்து புது ஆளை அனுப்பிடுவாங்க. திரும்பி வர்றதுன்னா ஆடி முடியறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பேசிக்கறேன். நல்லா யோசிங்க."

ஒரு வார்த்தை. அந்த வார்த்தை அப்போதே நாக்கு நுனி வரை வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய், நல்ல பிள்ளையாகக் கம்பெனிச் சட்டையை எடுத்து, இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டினேன். சும்மா, கசங்கிக் கிடக்கிறதே என்று. மனைவி அந்தச் சட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். 'சரியா' என்று கேட்கக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்ததால் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அரியலூர் ரோட்டில் ஒரு விநோதமான ஊர்வலம் வந்தது. ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியின் முகப்பில் காய்ந்த மாலை, சீட்டின் மேல் பழைய சேலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. பின்னால் என் வயதையொத்த ஒரு பெண்மணி கையில் டிபன் பாக்ஸோடு வந்தார். உற்சவ மூர்த்தியை இறக்குவதுபோல வளைவுக்குக் கீழே வண்டியை நிறுத்தினார்கள்.

"இங்கதான வண்டி கத்துக் குடுக்குறது?" என்றார் அந்தம்மா.

"ஆமாங்க, ஆமாங்க" என்று ஸ்டூலிலிருந்து எழுந்ததில் ஸ்டூல் கவிழ்ந்தது.

பக்கத்து ஊர். குன்னம் போகிற வழியில் உள்ளே பிரிகிற ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். திருப்பூரில் வேலை பார்க்கிற மகன் வண்டி வாங்கி அனுப்பியிருக்கிறான். வந்த நாளிலிருந்து அதற்குப் பூஜை நடக்கிறதே தவிர ஓட்ட ஆளில்லை. வண்டியைத் தள்ளி வந்த வீட்டுக்காரருக்கு சைக்கிளே பயம். "அடியில கோழி முட்டை வைக்குது சார், அதுக்குத்தான் ஆவுது" என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "ஆடி மாசமாச்சே, பரவாயில்லீங்களா?" என்றேன். என் தொழிலுக்கு நானே எதிரி.

"காலையில வர்ற பஸ்ஸ நிறுத்திப்புட்டானுவ. பஸ் மட்டும் ஆடி பாத்தா நின்னுச்சு? ஆடியில நாங்க விதைக்கலையா? போங்க சார்." வீட்டுக்காரரைப் பார்த்து, "நீ வூட்டுக்குப் போ. நின்னு பாத்தா எனக்குச் சிரிப்பு வரும்" என்றார்.

எலுமிச்சம்பழத்தை எடுத்து டயருக்குக் கீழே வைத்தேன். குனிந்து எடுத்துக்கொண்டார். "நல்ல பழத்தப் போயி நசுக்குவாங்களா?" என்று டிபன் பாக்ஸ் பையில் போட்டுக்கொண்டார்.

இங்கேதான் நான் என் திறமையையெல்லாம் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்காரனாக, லுங்கியோடு, பேச்சே இல்லாமல் வண்டியின் பின்னால் ஓடினவன் நான். இப்போது தொழில் என்றாகிவிட்டதே! லுங்கிக்காரன் போய்விட்டான். சேஃப்டி வந்துவிட்டார். ஆலையில் புது ஆட்களுக்குச் சொல்கிற அத்தனையையும் அந்தம்மாவை நிற்க வைத்துச் சொன்னேன். மணலில் சறுக்கும். ஆடு குறுக்கே வரும். நாய் துரத்தும். சேலை சக்கரத்தில் மாட்டும். சுண்ணாம்புக்கல் லாரிக்காரன் கண்ணாடியைப் பார்க்க மாட்டான். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தால் இன்ன இடத்தில் எலும்பு முறியும். எல்.எல்.ஆர். இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது என்று அதை வாங்க வைத்துவிட்டு, வாங்கி வந்த பிறகு மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

பிறகு வண்டியில் ஏற்றினேன். அவர் கையைத் திருகும்போதெல்லாம் நான், "பாத்து! பாத்து!" என்று கத்துவேன். அவர் உடனே பிரேக்கைப் பிடித்து இரண்டு காலையும் ஊன்றிவிடுவார். மூன்று நாளாக வண்டி ஒரு பிளாட்டைக்கூடத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் வண்டியை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"எனக்கு வண்டின்னா பயமில்ல. கொதிக்கிற அண்டாவத் தூக்கி எறக்குறவ நான். நீங்க பேசினாத்தான் பயமா இருக்கு. வண்டியில ஏறினதும் ஆஸ்பத்திரி ஞாபகந்தான் வருது. நாளைக்கும் இப்படிப் பேசினீங்கன்னா நான் வரல."

என் முதல் மாணவி, ஒரே மாணவி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டப்பாவிலிருந்து வறுத்த கடலையை ஒரு பொட்டலமாகக் கட்டி என் சட்டைப் பையில் வைத்தாள்.

"பேசணும்னு தோணுறப்பல்லாம் ஒரு புடி வாயில போட்டுக்குங்க."

"கடலை தொண்டையில சிக்கிக்கிட்டா?"

"பாத்தீங்களா" என்றாள்.

மறுநாளிலிருந்து கடலை. அந்தம்மா வண்டியைக் கிளப்புவார், எனக்கு 'பாத்து!' என்று வாய் வரை வரும், ஒரு பிடி. மூலையில் திரும்புவார், ஒரு பிடி. ஆடு குறுக்கே வந்து, அவர் அதைச் சுற்றிக்கொண்டு போன அன்று பொட்டலமே காலி. இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தார். அடுத்த நாள் பத்துச் சுற்று. பேசாமல் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் விழக்கூடிய இடத்திலெல்லாம் தானாகவே வேகத்தைக் குறைத்தார். எனக்கு மட்டும் வயிறு உப்பிசம்.

ஆடி முடிய இரண்டோ மூன்றோ நாள்தான் இருந்தது. அன்று காலை பழகி முடித்து, வழக்கம்போல வண்டியை என்னிடம் விட்டுவிட்டு ரோட்டோரம் ஷேர் ஆட்டோவுக்கு நின்றார். அந்த நேரத்துக்கு வர வேண்டிய ஆட்டோ வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. நான் ஹெல்மெட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா ரோட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "புள்ளைங்க பசியில நிக்கும் சார்" என்றார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் வளைவைத் தாண்டி வலது பக்கம் திரும்பிவிட்டார்.

வளைவுக்கு வெளியே அரியலூர் ரோடு. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய் வருகிற ரோடு.

வாயில் கடலை இருந்ததால் கத்தக்கூட முடியவில்லை. அப்படியே துப்பிவிட்டு என் வண்டியை எடுத்தேன். அவசரத்தில் ஸ்டாண்டை எடுக்க மறந்தேன். ஹெல்மெட்டின் வாரைப் போட மறந்தேன். இருபது வருடமாக எதையெல்லாம் செய்யக்கூடாது என்று பிறருக்குச் சொன்னேனோ அதையெல்லாம் ஒரே நிமிடத்தில் செய்தபடி அவர் பின்னால் பறந்தேன். பாக்கெட்டில் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மேனேஜராகத்தான் இருக்கும் என்று தெரியும்.

தூரத்தில் நீலச் சேலை தெரிந்தது. எதிரே ஒரு லாரி புழுதியோடு வந்தது. நான் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தேன். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைவு வந்ததால் மூடவில்லை. அந்தம்மா அலட்டிக்கொள்ளாமல் இடது ஓரமாக ஒதுங்கி, லாரி போனதும் நடுவுக்கு வராமல் ஓரமாகவே போனார். கிராமத்துக்குப் பிரிகிற இடத்தில் கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினார். நான் சொல்லிக்கொடுத்ததா, அவராகவே பழகிக்கொண்டதா என்று தெரியவில்லை. நான் கையைக் காட்டாமலே திரும்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டு நின்றது. மூச்சு வாங்க சமையல் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க! எல்.எல்.ஆர்.ல தனியா ஓட்டக் கூடாதுன்னு..."

"தனியாவா வந்தேன்? நீங்கதான் பின்னாலேயே வந்தீங்களே."

"நான் வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்கள எனக்குத் தெரியாதா?" என்றார், கழுவின அரிசித் தண்ணீரைச் சாய்த்தபடி. "ஸ்டாண்ட எடுக்காமயே வந்திருக்கீங்க பாருங்க. தரையில இழுத்துக்கிட்டே வந்த சத்தம் எனக்கே கேட்டுச்சு. உக்காருங்க, தண்ணி குடிங்க."

பிறகு ஒன்று செய்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மரத்தடியில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார். முகப்பில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த காய்ந்த மாலையைப் பிய்த்து எறிந்தார். சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, வண்டியைப் பார்த்துத்தான் சிரித்தார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்து போனை எடுத்தேன். மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"என்ன சார், மூச்சு வாங்குது?"

"ஓடிட்டு வந்தேங்க சார். ஸ்டூடண்ட் ஒருத்தங்க ரோட்டுக்கு வந்துட்டாங்க."

"அடி ஏதும் பட்டுச்சா?"

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கொஞ்சம் படபடப்பு."

சிரித்தார். "சரி, என்ன முடிவு பண்ணீங்க? மேல கேக்கறாங்க."

நாக்கு நுனியில் இருந்த வார்த்தை எங்கே போனது என்று தெரியவில்லை. கடலையோடு சேர்த்துத் துப்பியிருப்பேன் போல. "ஆளைப் போட்டுடுங்க சார்" என்றேன். சொன்னதும் பயம் வந்தது, உண்மையை மறைக்கவில்லை. ஆனால் அது எனக்குப் பழகின பயம்தான். இருபது வருடமும் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

மேனேஜர் குரலைத் தணித்தார். "சரிங்க சார். அப்புறம்... எங்க வீட்லயும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஆவணியில ஒரு நல்ல நாள் பாத்து அனுப்பட்டுங்களா?"

அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்திலேயே சாம்பார் சாதம். உப்பு சரியா என்று பார்ப்பதற்காகத்தான் தருகிறேன் என்று அந்தம்மா ஒரு தட்டு கொடுத்தார். உப்பு சரியாக இருந்தது.

ஆவணி பிறந்தது. சொன்னபடியே பெண்கள் வந்தார்கள். துறைமங்கலத்திலிருந்து இருவர், குன்னம் பக்கமிருந்து ஒரு கூட்டம், மேனேஜர் வீட்டம்மா. எல்லோரும் எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்கள். எங்கள் வீட்டில் எலுமிச்சை சாதம் நின்றது. பிளெக்ஸில் சிவப்பு எழுத்து இருந்த வரியை மனைவி கத்திரியால் வெட்டி எடுத்துவிட்டாள். வெட்டினது சரியாகத்தான் இருந்தது.

கம்பெனி பஸ் இப்போதும் காலையில் அந்த வளைவைத் தாண்டித்தான் போகிறது. டிரைவர் ஹாரன் அடிப்பார். கை தானாக உயரும். நல்லவேளை, அவர் நிறுத்துவதில்லை.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. மனைவிக்கு நானே வண்டி சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பல வருட ஆசை. போன ஞாயிற்றுக்கிழமை வளைவுக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே கடைசி ரோட்டில் இரண்டு ஸ்கூட்டர்கள் வருகின்றன. ஒன்றில் சத்துணவு அம்மா. இன்னொன்றில் என் மனைவி. காலிரண்டும் மேலே.

"எப்பலேருந்து?" என்றேன்.

"ரெண்டு வாரமா" என்றாள், நிறுத்தாமல். "உங்ககிட்ட கத்துக்கிட்டா நான் ஹெல்மெட்டோடதான் தூங்கணும்."

அந்தம்மா பின்னாலிருந்து, "சார், கடலை!" என்றார். பாக்கெட்டில் கை விட்டேன். இருந்தது. ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, வளைவைத் தாண்டி இருவரும் ரோட்டில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கதவுக்குப் பின்னாலிருந்து எப்போதோ இங்கே வந்து சேர்ந்துவிட்ட கம்பெனிச் சட்டையால் மற்ற வண்டிகளைத் துடைக்க ஆரம்பித்தேன். நல்ல துணி. தண்ணீரை நன்றாக உறிஞ்சுகிறது.